சரியாகச் சொன்னால் யார் பார்க்கிறார்கள்?

என் அக்கா பியூட்டி பார்லர் நடத்துகிறாள். கை ஓடும்போது அவளுக்கு வாயும் ஓட வேண்டும். பக்கத்து நாற்காலியில் நான் புருவம் திருத்திக்கொண்டிருப்பதால் அந்தப் பேச்சு முழுக்க என் தலையில்தான் விடியும்.

அவள் மகன் வேலைக்குப் போன நாட்டிலேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். வீடியோ காலில் மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். இவள் பேசுவது அவளுக்குப் புரியாது, அவள் பேசுவது இவளுக்குப் புரியாது. "வாய் இருந்தும் ஊமையாட்டம் உக்காந்திருக்கேன்டி" என்று அக்கா என்னிடம் அழுதாள்.

அழுத கையோடு, அந்த மொழி சொல்லித்தரும் பக்கங்களைப் போனில் தேடிப் பிடித்தாள். கஸ்டமர் தலையில் டை காயும் நேரத்தில்கூட ரீல்ஸ் பார்த்து முணுமுணுத்தாள். படித்ததைச் சொல்லிக் காட்டி, கண்ணாடியில் போனைச் சாய்த்து வைத்து வீடியோவும் போட்டாள். பார்த்தது நானும் இன்னும் நாலு பேரும்.

ஒருநாள், 'மன்னித்துவிடு' என்பதற்கு அந்த மொழியில் உள்ள சொல் அவள் வாயில் நுழையவில்லை. அக்கா கண்ணை உருட்டி, மூக்கைச் சுளித்து, அதை மென்று துப்பிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. "இன்னொண்ணு போடுங்கக்கா" என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் கெஞ்சினார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

கூத்து என்னவென்றால், கொஞ்ச நாளில் அவள் அந்த மொழியை நன்றாகவே பேசினாள். மருமகளிடம் மட்டும் மூச்சு விடவில்லை. நேரில் வரும்போது அசத்த வேண்டுமாம்.

"வீடியோவுலயும் ஒழுங்கா பேசேன்க்கா" என்றேன்.

"சரியா சொன்னா யாருடி பாக்குறா?"

கேமரா முன்னால் வாயைக் கோணினாள். கோணக் கோண லைக் கொட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மருமகள் வந்தாள். அக்கா வாசலிலேயே ஒரு சொல் பிசகாமல் அவள் மொழியில் வரவேற்றாள். மகன் வாயைப் பிளந்தான். மருமகள் மரியாதைக்குத் தலையாட்டினாள், அவ்வளவுதான்.

மறுநாள் பார்லருக்கு லீவு விட்டு, போனையும் வீட்டிலேயே போட்டுவிட்டு, அக்கா மருமகளுக்குத் தலை அலசிவிட அவளை அங்கே அழைத்துவந்தாள். கூடமாட நானும் இருந்தேன். ஈரத் தலையைச் சீவும்போது மருமகள் கண்ணாடியைப் பார்த்தபடி தமிழில் பேச ஆரம்பித்தாள். அவளும் போனைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறாள், பாவம், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"அத்தை, உங்க வீடியோ எங்க அம்மா பாத்தாங்க. நாம பேசுறது அவ்வளவு அசிங்கமா இருக்கான்னு என்கிட்ட கேட்டாங்க. நான் என்ன சொல்லணும்?"

அக்காவின் கையில் சீப்பு நின்றுவிட்டது. யாரோடு பேசுவதற்காக அத்தனையும் படித்தாளோ, அவளையே புண்படுத்தியிருக்கிறாள். அக்கா எதற்கும் இப்படி உடைந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணீரோடு, அந்த மொழியிலேயே மன்னிப்புக் கேட்டாள். அதே சொல். இந்த முறை அட்சரசுத்தமாக வந்தது.

மருமகள் சட்டென்று நிமிர்ந்தாள். கண்ணாடி ஓரம், அலமாரி, என் கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"போன் எங்க வச்சிருக்கீங்க, அத்தை?" என்றாள்.