மகளின் முதல் தீர்மானம்

மியூனிக்கிலிருந்து ரயிலில் அரைமணி நேரம் தள்ளியிருக்கும் எங்கள் ஊரில், பெற்றோர்கள் சேர்ந்து நடத்தும் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. மார்க் கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது. சின்னப் பிள்ளைகளும் பெரிய பிள்ளைகளும் ஒரே அறையில் இருப்பார்கள். முன்பு படித்த பள்ளியில் மகள் வாயே திறக்கவில்லை. காலையில் வயிற்றுவலி என்று அழுவாள். அதனால்தான் இங்கே மாற்றினோம்.

ஒவ்வொரு குடும்பமும் பள்ளிக்கு ஒரு வேலை செய்து தரவேண்டும் என்று சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்கள். சமையல், தோட்டம் எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ள, எங்களுக்கு மிஞ்சியது சனிக்கிழமைத் துப்புரவு.

"டாய்லெட்டையும் நாமளே கழுவணுமா? இது என்ன ஸ்கூல்?" என்றார் கணவர்.

"நீங்க வர்றீங்களா?"

"எனக்கு சாட்டர்டே ஆபீஸ் கால் இருக்கு."

எந்த ஆபீஸில் சனிக்கிழமை கால் வைக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு நானே போனேன்.

என்னோடு துப்புரவுக்கு வந்தவர் ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்த நர்ஸ். பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர் மகன் மூத்த பிள்ளைகளில் ஒருவன். கழுவிக்கொண்டே பேசுவோம். இரண்டாம் வகுப்பு பாதி போயும் மகள் ஒரு வரிகூடப் படிக்கவில்லையே என்று ஒருநாள் அவரிடம் புலம்பினேன்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. என்ர மகனுக்கும் எட்டு வயசு வரைக்கும் ஒரு சொல்லும் வாசிக்க ஏலாது. இப்ப புத்தகத்தைப் பறிச்சாத்தான் சாப்பிட வாறான்."

எனக்கு மனம் ஆறவில்லை. சொந்த ஊரில் அண்ணன் பிள்ளைகள் யு.கே.ஜி.யிலேயே வாசிக்கிறார்கள். ஆசிரியையிடம் போய் நின்றேன். அவர் விளக்கம் எதுவும் சொல்லாமல், "ஒருநாள் காலையில் வந்து வகுப்பில் உட்காருங்கள்" என்றார்.

லீவு போட்டுவிட்டுப் போனேன். ரொட்டி செய்யும் நாள் அது. மாவை நிறுத்துப் போடும் பொறுப்பு என் மகளுடையது. தன்னைவிடச் சின்னவர்கள் இருவரைத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஜெர்மனில் சத்தம் போட்டு வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். எடையை அவள் சொல்லச்சொல்ல, பெரிய பெண் ஒருத்தி எழுதினாள். என் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்போதைக்கு எழுதிக்கொடுக்க ஆள் இருக்கிறது. தேவை வந்தால் அவளே எழுதுவாள்" என்று ஆசிரியை சிரித்தார். அதன்பின் நான் நச்சரிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

அந்தப் பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம் நடக்கும். யார் வேண்டுமானாலும் ஒரு தீர்மானம் கொண்டுவரலாம், ஆனால் அதைத் தன் கையாலேயே பலகையில் எழுதவேண்டும். ஆசிரியருக்கும் ஒரு ஓட்டு, ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு. பெற்றோர் விரும்பினால் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம்.

பனி விழுந்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை மாலை. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது மகள் பென்சிலோடு வந்தாள்.

"அம்மா, 'புட்சன்' எப்படி எழுதணும்?"

கழுவுவதற்கான ஜெர்மன் சொல் அது. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். எதற்கென்று கேட்டதற்கு, "நாளைக்கு வந்து பாரு" என்றாள்.

மறுநாள் கூட்டத்தில் அவள் ஸ்டூல்மேல் ஏறி, நாக்கைக் கடித்துக்கொண்டு பலகையில் எழுதினாள். அப்பாக்களும் கழுவ வேண்டும் என்று ஜெர்மனில் ஒரே வரி. இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருந்தன. யாரும் திருத்தவில்லை. பின்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ் முழங்கையில் இடித்து, "அக்கா, உங்கட வீட்டுக்காரருக்குத்தான்" என்று கிசுகிசுத்தார்.

தன் அப்பாவுக்கு முதுகுவலி, குனிய முடியாது என்றான் ஒரு சிறுவன். அப்படியென்றால் ஜன்னல் துடைக்கட்டும் என்றாள் என் மகள். கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது.

சாப்பாட்டு மேசையில் அவளே அறிவித்தாள். "அப்பா, வோட்டுல பாஸாயிடுச்சு. நாளைக்கு நீங்க வரணும்."

"எனக்கு கால் இருக்கேம்மா."

"அப்போ அடுத்த ஃப்ரைடே மீட்டிங்ல வந்து ஏன்னு சொல்லுங்க. எல்லாரும் கேப்பாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன்.

மறுநாள் அவர் போனார். மதியம் தாண்டியும் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது சட்டை முழுக்க டாய்லெட் கழுவும் வினிகர் வாசனை. இன்னொரு அப்பாவோடு சேர்ந்து ஒழுகிக்கொண்டிருந்த குழாயையும் சரிசெய்தாராம்.

"சிங்க்குக்குக் கீழ இத்தனை நாளா யாரு துடைச்சது?"

"நான்தான்."

"சரியாவே துடைக்கல."

எனக்குக் கோபமே வரவில்லை. "அப்ப இனிமே நீங்களே போங்க" என்றேன். அவரும் சரி என்று சொல்லிவிட்டார்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை காலையில் நானும் அந்த நர்ஸும் ரயிலடி பேக்கரியில் உட்கார்ந்து காபி குடிக்கிறோம். அவர் கணவரும் துப்புரவுக்குப் போகிறார். மகள் எங்களோடு வந்து, அங்கே தொங்கும் விலைப்பலகையை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படிக்கிறாள், கடைக்காரம்மா பொறுமையாகக் காத்திருக்க.