பூச்சி பார்க்காத படம்

முதலில் அந்த மிருகத்தின் மூச்சுதான் கேட்டது. பாப்கார்னின் வெண்ணெய் மணமும் ஏசியின் ஈரக் குளிரும் கலந்து கிடந்த திரையரங்க இருட்டில், எங்கள் இருக்கைகளுக்குப் பின்னாலிருந்து புறப்பட்டு வந்த அந்தக் கனத்த மூச்சைக் கேட்டதும், நானும் ஜெனியும் ஒருவர் கையில் மற்றவர் நகம் பதியப் பற்றிக்கொண்டோம். ஜெனி என் நான்காம் வகுப்புத் தோழி. மந்தைவெளியில் எங்கள் தெருமுனையில் மீன் விற்ற ஸ்டெல்லா அக்காவின் மகள். விடுமுறைக்கென்று என் அம்மா எங்கள் இருவரையும் அழைத்துச் சென்ற கார்ட்டூன் படம் அது.

ஏரிக்குள் வாழும் ஆறு கண் மிருகத்தைக் கண்டு ஊரே நடுங்குகிறது. படகோட்டியின் மகள் ஒருத்தி மட்டும் கரையில் அதற்கு முதுகைக் காட்டி அமர்ந்து கண்ணை மூடிக்கொள்கிறாள். உன்னை நம்புகிறேன் என்பதை அவள் அப்படித்தான் சொல்கிறாள். மிருகம் கரையேறி வந்து, தன் நெற்றியை அவள் முதுகில் சாய்க்கிறது. அதுவரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த அரங்கமே பெருமூச்சு விட்டது.

எங்கள் தெருவுக்கும் அப்படி ஒரு மிருகம் இருந்தது. ஸ்டெல்லா அக்காவின் மீன் கூடைக்குப் பின்னால், கிழிந்த காதோடு படுத்திருக்கும் கறுப்பு நாய். பெயர் மட்டும் "பூச்சி". சிலிண்டர் கொண்டுவருபவர்கூட அந்த முனையில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போவார். அந்த வயதிலேயே பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியிருந்த நான், பூச்சியைத் தோழனாக்கிக் காட்டுவேன் என்று தெருப் பிள்ளைகளின் முன்னிலையில் அறிவித்துவிட்டேன். அறிவித்ததிலிருந்து பின்வாங்குவது எனக்கு இழுக்காகப் பட்டது.

"வாணாம்டி. பூச்சி இன்னா, அந்தப் படத்த பாத்துச்சா?" என்றாள் ஜெனி.

ஸ்டெல்லா அக்கா ஐஸ் வாங்கப் போயிருந்த நேரம், நான் கூடைக்கருகே பூச்சிக்கு முதுகைக் காட்டி அமர்ந்து கண்ணை மூடினேன். அதன் மூச்சு நெருங்கியது. அடுத்த கணம் என் கெண்டைக்காலில் பற்கள் இறங்கின.

பிள்ளைகள் சிதறி ஓடிவிட்டார்கள். ஜெனி மட்டும் நின்று தெருக்குழாயில் என் காலைக் கழுவிவிட்டாள். "யார்கிட்டயும் சொல்லாதடி. சொன்னா கார்ப்பரேஷன் வண்டில ஏத்திக்கினு போய்க் கொன்னுடுவானுங்க." நான் சத்தியம் செய்து கொடுத்தேன். வீட்டில், கீழே விழுந்து கம்பி கிழித்துவிட்டது என்றேன்.

மறுநாள், இஸ்திரி வண்டிக்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: "நாய் கட்ச்சா ஒண்ணும் தெரியாதுப்பா. ஆனா தண்ணியப் பாத்தாலே தொண்ட இறுகிக்கும் பாரு, அத்தோட சரி." அன்றிலிருந்து அடிக்கடி தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, அதை உற்றுப் பார்த்து, எனக்குப் பயமாக இருக்கிறதா என்று நானே சோதித்துக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. அது நோயின் பயமா, நோயைப் பற்றிய பயமா என்று பிரித்தறிய அந்த வயதில் யாரால் முடியும்? கடிபட்ட மூன்றாம் நாள் ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை.

அன்று மாலை ஸ்டெல்லா அக்கா பாட்டிலை நீட்டியபோது நான் பின்வாங்கினேன்.

"இன்னா கண்ணு, தண்ணியப் பாத்து பேயப் பாத்தா மாரி முழிக்கிற?"

ஜெனிதான் ஓவென்று அழுதாள். "பூச்சி கட்ச்சிட்ச்சும்மா. இவ செத்துடுவாம்மா."

ஸ்டெல்லா அக்கா பாதிக் கூடை மீனை அப்படியே போட்டுவிட்டு, என் அம்மாவுக்கு போனில் சொல்லியபடியே, எங்களை ஆட்டோவில் ஏற்றினார். அரசு மருத்துவமனையில் ஊசி போட்ட டாக்டர், "எந்த நாய்?" என்று கேட்டபோது, ஸ்டெல்லா அக்கா தெருநாய் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "என் நாய்தாம்மா" என்றார் அவர்.

"ஊசிய விடாம போட்டுடுங்க. நாயையும் கட்டிப் போட்டுப் பாருங்க. கடிச்ச நாள்லேர்ந்து பத்து நாள் அது நல்லா இருந்தா, பயப்பட வேண்டாம்" என்றார் டாக்டர்.

இன்னும் ஏழு நாள் பாக்கி இருந்தது. பூச்சி தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, வாயில் நுரை தெரிகிறதா என்று பார்க்க, காலையும் மாலையும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். ஊரே அஞ்சிய அந்த நாய் நீடூழி வாழ வேண்டும் என்று, அதைக் கண்டு நடுங்கிக்கொண்டே வேண்டினேன். ஒரு மாலை அது சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் போனால், ஜெனி அதன் அருகே மண்டியிட்டு மத்தி மீனை முள் நீக்கி ஊட்டிக்கொண்டிருந்தாள். "துன்னுடா, துன்னுடா" என்று அவள் கெஞ்சியது ஜெபம் போலிருந்தது. அது தின்றது. பத்தாம் நாளும் தின்றது.

இன்று அந்தத் தெருமுனையில் கார்கள் நிற்கின்றன. ஸ்டெல்லா அக்கா குடியிருந்த கடலோரக் குடிசைகளை எடுத்தபோது அவர் குடும்பத்துக்கு நகரத்துக்கு வெளியே எங்கோ நான்காம் மாடியில் வீடு கொடுத்தார்கள். ஜெனியின் பழைய எண்ணை அழைத்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள். பூச்சி என்னவாயிற்று என்று சொல்வதற்கு எவரும் அங்கில்லை. தெருநாய்கள் வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றங்களில் இரண்டு அணியிலும் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த ஏழு நாளும் நான் அஞ்சியது என் ஓர் உயிருக்காக மட்டுமே என்பதும், தன் நாயைக் காட்டிக்கொடுத்து என்னைக் காப்பாற்றிய ஜெனி இரண்டு உயிருக்காக அஞ்சிக்கொண்டிருந்தாள் என்பதும், அவளிடம் சொல்ல முடியாத காலத்தில்தான் எனக்கு விளங்கியது.