குழலுக்குள் போன கம்பி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது இட்டுக்கட்டிச் சொன்ன கதையில்லை. என் அண்ணிக்கு நடந்தது. அண்ணிக்கு ஒன்றை இரண்டாக்கிச் சொல்லத் தெரியாது.

ராணுவம் வாங்குவதற்கு முன், புது மாதிரித் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்ப்பதுதான் என் அண்ணனின் வேலை. ஒருநாள் அப்படி ஒன்று பின்பக்கமாக வெடித்தது. அண்ணன் அதைக் கன்னத்தோடு அணைத்துப் பிடித்திருந்தார். எங்களுக்கு முகத்தைக் காட்டவில்லை. அந்த மாதிரியே வேண்டாமென்று ராணுவம் தள்ளிவிட்டது.

அண்ணிக்கு அங்கேயே கிடங்கில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். கழித்துப் போட்ட துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். போனாள், வந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "கல்லாட்டம் இருக்கா" என்று ஊர் பேசியது. அதுவும் அவள் காதில் ஏறவில்லை.

ஒரு மத்தியானம். வரிசையில் கடைசித் துப்பாக்கி. கம்பியில் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்தாள்.

துணி கறுப்பாக வந்தது. புதுக்கரி. வெடிமருந்து வாசனை.

கிடங்குக்காரரைக் கேட்டாள். "இன்னைக்கு இதைச் சுட்டாங்களா சார்?"

"கழிச்சுப் போட்டதை யாரும்மா சுடுவா?"

மறுநாள் அதே துப்பாக்கியில் மறுபடியும் கறுப்பு. அதற்கடுத்த நாள் குழலே சூடாக இருந்தது. கன்னம் வைக்கும் இடத்தில் கட்டை ஈரமாக இருந்தது... வியர்வை போல.

அண்ணி கையை எடுக்கவில்லை. பயமும் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

குனிந்து கன்னத்தை வைத்தாள்.

யாரோ மூச்சை இழுத்தார்கள். பாதி விட்டார்கள்.

நிறுத்தினார்கள்.

சுடுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் அண்ணி.

டிக்... என்றது விசை.

மீதி மூச்சு அவள் காதோரம் வெளியே வந்தது.

அடுத்த வாரம் அதை எடுத்துப் போக ஒரு இன்ஜினியர் வந்தார். துணியும் கம்பியுமாக நின்ற அண்ணியைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்கு எதுக்கும்மா கம்பி? இது பெரிய அதிகாரிங்களுக்குக் காட்டச் செஞ்ச பொம்மை. வெடிச்சதே, அந்த மாதிரிதான். ஆனா குழல்ல ஓட்டையே போடலை. உள்ளே முழு இரும்பு."

டார்ச் அடித்துக் காட்டினார். வாய்ப்பக்கம் ஒரு விரல் நுனி ஆழத்துக்குக் குழி. அதற்குமேல் இரும்பு.

அவர் அதைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றுவதை அண்ணி பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள். தண்ணீர் குடித்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

"கம்பி முழுசா உள்ள போச்சுடா. தினமும்."