கொதித்தாறின தண்ணீர்

பினாயில் மணந்தால் சுகாதாரப் பரிசோதகர் வருகிறார் என்று எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். மற்ற நாட்களில் கக்கூசில் "ஆமைப்பூட்டு" தொங்கும், அதன் திறப்பு பெரிய வாத்தியாரின் மேசை லாச்சிக்குள் கிடக்கும், நாங்கள் வெறுங்காலோடு பின்னாலுள்ள பனங்கூடலுக்குள் போய் வருவோம். மாரியில் அங்கே கிடந்ததெல்லாம் வெள்ளத்தோடு வந்து கட்டு உடைந்த கிணற்றுக்குள் இறங்கும், அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு, என் தங்கச்சி யோகம் இரண்டாம் வகுப்பு. எனக்குப் பேச்சு துலக்கம் என்று பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, "பரிசோதகர் கேட்டால் கொதித்தாறின தண்ணி எண்டு சொல்லவேணும், விளங்குதோ? நீ கெட்டிக்காரியல்லோ" என்றார். அந்தக் "கெட்டிக்காரி"யைச் சுமந்துகொண்டு நான் நிலத்தில் கால்படாமல் திரிந்தேன்.

பரிசோதகர் மெலிந்த மனிதர். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"பிள்ளை, பயப்பிடாமல் சொல்லும். உந்தத் தண்ணியையே குடிக்கிறியள்? ஓமெண்டால் இண்டைக்கே கிணத்தை மூடச்சொல்லுவன்."

"இல்லை ஐயா, கொதித்தாறின தண்ணி."

பக்கத்தில் நின்ற யோகம் வாயைத் திறந்தாள்: "எங்கையக்கா கொதிக்க வைக்கிறவை?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அவள் கையில் நறுக்கென்று கிள்ளினேன். அவர் என்னைப் பார்த்து, "மெய்யோ?" என்று இன்னொரு தரம் கேட்டார்.

"ஓம் ஐயா" என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். மத்தியானமே கக்கூசில் பூட்டு ஏறியது.

அந்த மாரியிலேயே யோகத்துக்கு, ஊத்தைத் தண்ணீரால் வருகிற "நெருப்புக்காய்ச்சல்" வந்தது. வாய் வெடித்து, கண் உள்ளே போய், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக் கேட்டே போனாள். செத்த வீட்டுக்கு வெள்ளை வேட்டியோடு வந்த பெரிய வாத்தியார் அம்மாவிடம், "எல்லாம் விதி, தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "இனி உந்தப் பள்ளிக்கூட வாசல் மிதிக்கப்படாது" என்று அம்மா என்னை மறித்தார். என் படிப்பு அத்தோடு சரி. நான் சொன்ன பொய்யை அம்மா சாகும்வரை அறியவில்லை, சொல்ல எனக்குத் துணிவும் வரவில்லை.

இப்போது கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் பழைய மாணவர் சங்கம் விருந்து வைத்து மலர் வெளியிடுகிறது. ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் பெரிய வாத்தியார் பெயரில் வளைவும் கட்டப்போகிறார்களாம். சங்கத்துச் செயலாளர் என்னிடம் அவரைப் பற்றி எழுதித் தரச்சொல்லி வந்தா. என்ன எழுதுகிறேன் என்று சொன்னதும் அவவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"அன்ரி, செத்துப்போன மனிசனைப் பற்றி உப்பிடி எழுதலாமோ?"

"செத்தது அவர் மட்டுமில்லைப் பிள்ளை."

"நான் கொஞ்சம் திருத்தி, ரைப் பண்ணித் தாறனே."

வேண்டாம் என்றேன். இந்தக் கோணல் எழுத்து போதும்.

பள்ளிக்கூடம் ஷெல்லடியில் போய்ப் புதுக்கட்டடம் எழும்பிவிட்டது. கிணறு தூர்ந்துவிட்டது, பனங்கூடலும் இல்லை. பெரிய வாத்தியாருக்கு மாலை போட்ட படம் இருக்கிறது. யோகத்துக்கு ஒரு படமும் இல்லை. அவளுடைய முகம் தெரிந்த ஆள் இனி நான் ஒருத்திதான். ஆனபடியால், சங்கத்துப் பிள்ளைகளே, வளைவு கட்டுமுன் அங்கே போய் ஒருதரம் பாருங்கள்: கக்கூசுத் திறப்பு யாரிடம் இருக்கிறது, பிள்ளைகள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று. பெரியவர்களைக் கேட்காதீர்கள். ஆகச் சின்ன வகுப்பில் கேளுங்கள்.