தம்ளரில் மிதந்த வெளிச்செண்ணெய்

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து களியக்காவிளைக்கு எட்சன் மீன்வண்டி ஓட்டத் தொடங்கி இருபது வருஷமாகிறது. வண்டிகளைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று துறைமுகத்தில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஆட்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ஆகஸ்டில் மாமியாரின் அடக்கத்துக்காக அவன் ஒருநாள் ஓட்டத்துக்குப் போகவில்லை. தம்பி ரெஜின் வண்டியை எடுத்தான். எட்சனின் கூட்டுக்காரன் சிஜோ உடன் போனான். மறுநாள் முதல் கிளட்ச் முழுக்க விடவில்லை. பெடலை அடிவரை மிதித்தாலும் கியர் கரகரவென்று உரசிக்கொண்டுதான் விழுந்தது.

"ஒன் தம்பி மிதிச்சே பிளேட்ட தீச்சிட்டான் மக்கா" என்றான் சிஜோ.

"வழியில பெடல் எறங்கிப் போச்சு அண்ணா. சிஜோ அண்ணன்தான் என்னமோ செஞ்சு சரியாக்குனாரு. அவருட்ட கேளு."

"நான் ஒண்ணையும் தொடல்ல" என்றபடி சிஜோ தார்ப்பாய்க் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான்.

ஏலக்கூடத்தில் அத்தனை பேர் முன்னால் எட்சன் தம்பியை அறைந்தான். விசா வந்ததும் ரெஜின் சொல்லாமலே மஸ்கட்டுக்குப் போய்விட்டான். போனை எடுப்பதில்லை.

குழாயில் காற்றை எடுத்துப் பார்த்தார்கள். கீழ்ச் சிலிண்டரை மாற்றினார்கள். டிசம்பர் பிறந்ததும் விடிகாலைகளில் இன்னும் மோசம். நேற்று கியர்பாக்ஸையே இறக்கினார்கள். பிளேட் கருகவே இல்லை. எட்சன் அதைத் துடைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

இன்று விடியும்முன், பனியில், துறைமுகத்தில் வைத்து கிளட்ச் எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியை அவனே திறந்தான். மெக்கானிக் எப்போதும் வெயிலேறி எல்லாம் உருகிய பிறகுதான் திறப்பார். இப்போது மேலே வெள்ளையாக உறைந்து கிடந்தது. கொஞ்சம் வழித்து டீக்கடைத் தம்ளரின் தண்ணீரில் போட்டான். கிளட்ச்சுக்கு ஊற்றுகிற பிரேக் ஆயில் என்றால் தண்ணீரில் கரைந்துவிடும். இது மிதந்தது. மோந்து பார்க்கவே வேண்டாம், தினமும் தலையில் தேய்க்கிற தேங்காயெண்ணெய் வாசனை.

"இது என்னதுலே?" என்று சிஜோவிடம் நீட்டினான்.

சிஜோ தம்ளரைப் பார்த்தான். "கடையெல்லாம் பூட்டிக் கெடந்து. ஐஸ் உருகுது. ஒரு வீட்டுல வெளிச்செண்ணெய் வாங்கி ஊத்தினேன். வண்டி வந்து சேந்துல்லா?"

"அவன நான் அடிக்கும்போ பக்கத்துலதான நின்ன?"

"எண்ணெய ஊத்தினது நான். அடிச்சது நீயாக்கும் மக்கா."

எட்சன் மூடியின் ரப்பரைத் தொட்டுப் பார்த்தான்; எண்ணெயில் ஊதியிருந்தது, சிலிண்டருக்குள்ளும் இப்படித்தான் ஊதி கிளட்ச்சை விடாமல் செய்திருக்கும். ஒரே தட்டில் சோறு தின்ற கூட்டாளி. சொந்தத் தம்பியின் பேச்சைவிட இவன் பேச்சை நம்பியிருந்தான்.

தம்ளரைப் படம் பிடித்து ரெஜினுக்கு அனுப்பினான். 'ரப்பர் ஊதிக் கெடக்கு. வெளிச்செண்ணெய். சிஜோ ஒத்துக்கிட்டான்' என்று கீழே எழுதினான். நாலு மாதத்தில் முதல் தடவையாகப் பதில் வந்தது.

'எனக்கு என்னத்துக்குக் காட்டுற? அடிச்ச எடத்துல வச்சுக் காட்டு.'

ஏலக்கூடத்தில் விளக்கு எரிந்தது. கூவல் தொடங்கிவிட்டது. எட்சன் தம்ளரை எடுத்துச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"ஏலே மக்கா, அங்க வேண்டாம்லே" என்று பின்னாலேயே ஓடி வந்தான் சிஜோ.