மரக்காணத்துக் காஷ்மீர்

எழுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம். தவக்காலம் முடிந்து, ஈஸ்டரும் முடிந்து, வெயில் மண்டையைப் பிளக்கிற நாளாகப் பார்த்துத்தான் எனக்குக் கல்யாணம் வைத்தார்கள். அடுத்த வாரமே நானும் என் கணவரும் மெட்ராஸிலிருந்து பாண்டிச்சேரிக்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம். அங்கே அவருடைய அத்தை வீட்டில் சில நாள் தங்கிவிட்டு வருவதாக ஏற்பாடு. ஸ்கூட்டர் அவருடைய அண்ணனுடையது. கழுத்தில் தொங்கிய பாக்ஸ் கேமரா ஒரு நண்பருடையது. அந்தப் பயணத்தில் அவருக்கென்று சொந்தமாக இருந்தது நான் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்தில் இட்லி சாப்பிட நிறுத்தினோம். கை துடைக்கத் துண்டு எடுக்கலாம் என்று பையைத் திறந்தால், உள்ளே ஒரு முரட்டுக் கம்பளி ஸ்வெட்டர், ஒரு மங்கி கேப், ஒரு மஃப்ளர், பெண்கள் போர்த்திக்கொள்ளும் கம்பளிச் சால்வை ஒன்று. பாண்டிச்சேரியில் மே மாதம் பனி கொட்டுமா என்று கேட்டேன். அவர் இட்லியைப் பார்த்தார், சாம்பாரைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது.

அவருடைய ஆபீஸில் ஒருவர் கல்யாணமானதும் ஊட்டிக்குப் போய் வந்து, ஒரு மாதமாகப் படங்களைக் காட்டிக் காட்டி எல்லோர் உயிரையும் வாங்கியிருக்கிறார். இவருக்குப் பொறுக்கவில்லை. டீ குடிக்கும் நேரத்தில், "நாங்க காஷ்மீர் போறோம்" என்று சொல்லிவிட்டார். நிஜமாகவே போகலாம் என்றுதான் அப்போது நினைத்தாராம். கல்யாணச் செலவு கையைக் கடித்ததும் காஷ்மீர் கைநழுவிப் போனது. சொன்ன வார்த்தையை மட்டும் திரும்ப வாங்க முடியவில்லை. அதற்குள் ஹெட் கிளார்க் தன் ஸ்வெட்டரையும் மங்கி கேப்பையும் மஃப்ளரையும், தன் மனைவியின் சால்வையையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். பனியில் வழுக்கி விழாதே என்று ஆபீஸே கைகுலுக்கி அனுப்பி வைத்திருக்கிறது. வீட்டில் வைத்தால் அம்மா கேள்வி கேட்பார்கள் என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"திரும்பிப் போய் ஒரு போட்டோவாவது காட்டலேன்னா அங்க தலை நிமிர்ந்து நடக்க முடியாது" என்றார். குரல் நிஜமாகவே உடைந்திருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. வாய்க்கொழுப்பை வைத்துக்கொண்டு இப்படி மாட்டிக்கொள்கிற மனிதரோடுதான் இனி காலம் தள்ள வேண்டும் என்ற பயம்.

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியாகப் போனால் பாண்டிச்சேரி நேர் ரோடு. லாரிப் புகையாக இருக்கும், கடற்காற்று வாங்கிக்கொண்டு போகலாம் என்று அவர் மரக்காணம் பக்கம் வண்டியைத் திருப்பினார். மனசு சரியில்லாதவர் எந்த வழியில் போனால் என்ன என்று நானும் விட்டுவிட்டேன். மரக்காணத்தைத் தாண்டியதும் ரோட்டோரமாக உப்பளம் ஆரம்பித்தது. கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பு ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று மலை மலையாகக் குவித்த உப்பு அம்பாரங்கள். வெயிலில் கண் கூசியது. வண்டி திடீரென்று நின்றதில் நான் அவர் முதுகில் போய் மோதினேன்.

அவர் அம்பாரத்தைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கேமராவில் இருந்தது கறுப்பு வெள்ளை ஃபிலிம் ரோல்.

"என்னங்க, இது பொய் இல்லையா?" என்றேன்.

"போட்டோ எங்கே பேசப் போகுது? நாம காட்டுவோம். அவங்க என்ன நினைச்சிக்கறாங்களோ நினைச்சிக்கட்டும்" என்றார்.

சர்ச்சில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஸ்வெட்டருக்குள் தலையை நுழைத்துவிட்டார். ஹெட் கிளார்க் பெரிய உடம்புக்காரர். ஸ்வெட்டர் இவருக்கு முழங்கால் வரை வந்தது. மங்கி கேப் போட்டு, மஃப்ளரைச் சுற்றிக்கொண்டதும் கண்ணும் மூக்கும் மட்டும்தான் தெரிந்தது. அந்த மூக்கின் நுனியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் பெரிய மூக்குத்தி போட்ட ஒருத்தி வரப்பு மேலேயே ஓடி வந்தாள்.

"ஏம்மா, அவருக்குக் குளிர் ஜுரமா? இங்க ஏன் நிக்க வெச்சிருக்கே? ஆஸ்பத்திரி வந்த வழியிலயே இருக்குதே, இட்டுக்கினு போ!"

ஜுரமெல்லாம் இல்லை என்றேன். அப்படியானால் வேறு ஏதோ கோளாறு என்று நினைத்திருக்க வேண்டும், என்னை ரொம்பப் பரிதாபமாகப் பார்த்தாள். அதற்குள் என் கணவர் கல்யாண ஷூவோடு அம்பாரத்தின் மேல் காலை வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். நாலாபக்கமும் கூச்சல். மேஸ்திரி கையில் பலகையோடு ஓடி வந்தார். "டேய்! உப்பு மேல செருப்புக் காலை வைக்கிறியா? நீ சோறு துன்ற ஆளா இல்லையா? இறங்குடா!" இவர் பதறி இறங்கியதில் அம்பாரத்தின் ஒரு பக்கம் சரிந்து கொட்டியது. மேஸ்திரிக்கு இன்னும் கோபம். சாயந்திரமானால் ஒவ்வொரு அம்பாரத்தையும் பலகையால் தட்டித் தட்டி வழவழப்பாக்கி வைப்பார்களாம். ராத்திரி யாராவது கை வைத்தால் காலையில் அந்தத் தடம் காட்டிக்கொடுத்துவிடும். "மொதலாளி வந்து பார்த்தா நாங்க திருடிட்டோம்னு சொல்லுவாரு. நீயா வந்து பதில் சொல்லுவே?" என்று கத்தினார்.

என் கணவர் மங்கி கேப்புக்குள்ளிருந்து திருதிருவென விழித்தார். அந்தக் கோலத்தில் மன்னிப்புக் கேட்டாலும் எடுபடாது. சரி, நாம்தான் பேச வேண்டும் என்று நான் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். ஊட்டிக்காரர், டீ நேரம், ஸ்வெட்டர், தலை நிமிர்ந்து நடக்க முடியாத கதை, எல்லாவற்றையும். கட்டிய புருஷனின் மானத்தை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் நானே ஏலம் விட்டேன்.

பிறகு மூக்குத்திக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்ற நாலு பேரும் சிரித்த சிரிப்பில் பாத்தியில் நின்ற கொக்கு பறந்தது. மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. அம்பாரத்தைப் பார்த்தார், தூரத்தில் தெரிந்த பனைமரங்களைப் பார்த்தார், கடைசியில் என் கணவரிடம் கேட்டார்:

"காஷ்மீர்ல பனமரம் இருக்குதா சார்?"

இல்லை என்றார் இவர்.

"அப்ப இங்க நின்னா மாட்டிக்குவே. அந்தாண்ட வா."

'டேய்' என்பது 'சார்' ஆன கதை இதுதான். அதற்கப்புறம் எல்லாப் பொறுப்பையும் மேஸ்திரியே ஏற்றுக்கொண்டார். பனைமரம் தெரியாத ஒரு கோணத்தை அவரே கண்டுபிடித்தார். மூக்குத்திக்காரி ஒரு கை உப்பை அள்ளி என் கணவரின் மங்கி கேப் மேலும் தோளிலும் தூவி, "பனி இப்பிடித்தானே உழும்?" என்று கேட்டாள். எனக்குச் சால்வை போர்த்திவிட்டது இன்னொருத்தி. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். செருப்பு, ஷூ எதுவும் கூடாது. வெறுங்காலோடுதான் உப்பில் ஏற வேண்டும். நியாயம்தானே? இரண்டு பேரும் கழற்றி வைத்துவிட்டு ஏறினோம்.

புது உப்பு கண்ணாடித் தூள் மாதிரி குத்தும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. புது ஷூ கடித்து ஏற்கனவே அவர் குதிகாலில் தோல் உரிந்திருந்தது. உப்பு அதில் பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு தோளைக் குறுக்கினார். "அப்பிடியே நில்லு சார்! குளுர்ல நடுங்கற மாதிரியே இருக்குது!" என்று மேஸ்திரி கீழேயிருந்து பாராட்டினார்.

கேமராவை அமுக்கப் போனதும் மேஸ்திரியேதான். குனிந்து கேமராவின் கண்ணாடியைப் பார்த்தவர், "உங்க பின்னால இவளுங்க எல்லாம் தெரியறாளுங்களே" என்றார். கூடையும் முக்காடுமாகப் பெண்கள் காஷ்மீரில் நின்றால் கதை கெட்டதே. ஒரு அதட்டல் போட்டார். ஐந்து பேரும் ஆளுக்கொரு அம்பாரத்துக்குப் பின்னால் ஓடிக் குந்திக்கொண்டார்கள். உச்சி வெயிலில், வேலையை விட்டுவிட்டு, மூச்சுக் காட்டாமல். அப்படியும் ஏதோ ஒரு அம்பாரத்திலிருந்து அடக்க முடியாத சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. மேஸ்திரி அந்த அம்பாரத்தைப் பார்த்து, "இந்தாம்மா, காஷ்மீரு! சும்மா இரு!" என்றார்.

படம் எடுத்து முடித்ததும் என் கணவருக்குத் தலை சுற்றியது. நாலைந்து கைகளாகச் சேர்ந்து ஸ்வெட்டரை உரித்து எடுத்தார்கள். பானையிலிருந்து மோர் ஊற்றிய கூழ் வந்தது. குடித்துத் தெளிந்ததும் பலகையை அவர் கையில் கொடுத்து, சரிந்த இடத்தையும் எங்கள் காலடித் தடத்தையும் தட்டிச் சரிசெய்ய வைத்தார்கள். அவர் தட்டிய லட்சணத்தைப் பார்த்து மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு மறுபடி தானே தட்டினார். "போட்டோ வந்தா எங்களுக்கும் காட்டணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அனுமந்தை வரைக்கும் இரண்டு பேரும் வண்டியில் சிரித்துக்கொண்டே போனோம். கூனிமேட்டில் நிறுத்தி ஒரு குழாயடியில் கால் கழுவும்போது, "நீ பாட்டுக்கு எல்லாத்தையும் சொல்லிட்டியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த பயம் அங்கேயே போய்விட்டது.

படம் பிரமாதமாக வந்திருந்தது. அசல் பனிமலை. லீவு முடிந்து ஆபீஸுக்குப் போனவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எடுத்துக் காட்டியிருக்கிறார். ஊட்டிக்காரர் முகம் சுருங்கிவிட்டதாம். கடைசியாக ஹெட் கிளார்க் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றி, ரொம்ப நேரம் பார்த்திருக்கிறார்.

"எல்லாம் சரிப்பா. பனியில வெறுங்காலோடவா நின்னே?"

இவர் வேண்டுதல் என்று ஆரம்பித்திருக்கிறார். எந்த மாதாவுக்கு என்று ஹெட் கிளார்க் கேட்க, அதற்கு மேல் இழுக்க முடியாமல் அசடு வழிந்து உண்மையைக் கொட்டிவிட்டார். ஆபீஸே உருண்டு புரண்டு சிரித்ததாம். தலை குனிந்து நின்றவர் தோளில் ஹெட் கிளார்க் கை போட்டுச் சொன்னாராம், "விடுப்பா. நான் அந்த ஸ்வெட்டரைக் கொடைக்கானலுக்குன்னு வாங்கி வெச்சேன். நானே இன்னும் போனதில்லை. அதுவாவது மரக்காணம் வரைக்கும் போயிட்டு வந்துச்சே." எத்தனை தடவை துவைத்தும் அந்த ஸ்வெட்டரில் உப்புப் பூத்துக்கொண்டே இருந்ததாக அவர் மனைவி என்னிடம் குறைப்பட்டது வேறு கதை.

அடுத்த வருஷம் கோடையில் மறுபடி அத்தை வீட்டுக்குப் போகும்போது, சொன்னபடி ஒரு பிரதி போட்டு எடுத்துக்கொண்டு மரக்காணத்தில் இறங்கினோம். அதே மேஸ்திரி, அதே பெண்கள். மூக்குத்திக்காரி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். ஐந்து தலைகளும் அதன்மேல் கவிழ்ந்தன. பார்த்தார்கள், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்கள்.

"நாங்க எங்கம்மா?" என்றாள் அவர்களில் சின்னவள்.

எனக்குச் சுருக்கென்றது. அவர்களில் யாரும் அதுவரை ஒரு போட்டோவுக்குக்கூட நின்றதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு மத்தியானம் பூராவும் எங்கள் படம் நன்றாக வர வேண்டும் என்று மறைந்து உட்கார்ந்தவர்கள். அவர்களையும் நிற்க வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

ஆனால் மூக்குத்திக்காரி அதற்குள் விரலை எடுத்துப் படத்தில் வைத்துவிட்டாள். "தோ, இந்த அம்பாரத்துக்குப் பின்னால நான்தான் குந்திக்கினு இருக்கேன். நீ அந்தக் கோடியில இருக்கே பாரு." உடனே எல்லோருக்கும் சந்தோஷம் வந்துவிட்டது. ஆளுக்கொரு அம்பாரத்தைத் தொட்டுக் காட்டினார்கள். ஒரே அம்பாரத்துக்கு இரண்டு பேர் சண்டை கூடப் போட்டார்கள். மேஸ்திரி அந்தப் பக்கமாகப் போன லாரிக்காரரைக் கூப்பிட்டு, தான் எடுத்த படம் என்று பெருமையாகக் காட்டினார். அன்றைக்கு, மறுபடி இரவல் வாங்கி வந்திருந்த கேமராவில், அவர்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து ஒரு படம் எடுத்தோம், அதையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். விறைப்பாக நின்ற அந்தப் படத்தைவிட, தாங்கள் தெரியாத இந்தப் படம்தான் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

இப்போது என் பேரப்பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போய் வந்து, நிஜமான பனியில் நிற்கிற படங்களைப் போனில் தள்ளித் தள்ளிக் காட்டுகிறார்கள். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் எந்த அழகான படத்தைப் பார்த்தாலும், அது நன்றாக வர வேண்டும் என்று அதன் பின்னால் வெயிலில் யார் குந்தியிருக்கிறார்களோ என்று என் கண் தானாகத் தேட ஆரம்பித்துவிடுகிறது.