பேனரில் இருப்பது என் கை இல்லை

போன மாதம் ஒரு நாள், செங்கம் ரோட்டில் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர். அதில் நான்!

ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு.

ஆட்டோ ஓட்டியவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பேனரைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"மேடம், அது நீங்கதானே?"

"நான்தாங்க."

"சூப்பர் மேடம்! ஆனா போட்டோல..." என்று இழுத்தவர், அதற்கு மேல் சொல்லாமல் ஹாரனை அழுத்தினார். நாகரிகமான மனிதர்.

அவர் விழுங்கிய வார்த்தை என்னவென்று எனக்குத் தெரியும். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். இடது பக்கம் பழைய நான் – நூற்றெட்டு கிலோ, சுடிதாருக்குள் திணித்த தலையணை மூட்டை. வலது பக்கம் இப்போதைய நான். டி-ஷர்ட் கையைச் சுருட்டிவிட்டு, ஒரு கையை மடக்கித் தூக்கி, பலம் காட்டுகிற போஸ். அந்தப் படம் எடுத்தபோது என் மேல்கைக்கு அடியில் ஒரு சாண் தோல், கொடியில் காயப்போட்ட துண்டு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பேனரில் அதைக் காணோம். கை வழவழவென்று கல்லூரிப் பெண்ணின் கையாக இருந்தது. வயிறும் அப்படியே... தட்டு மாதிரி!

பொய் சொல்ல மாட்டேன். முதல் அரை நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம்தான் கோபம் வந்தது. அந்த உடம்பு யாருடையது? முகத்தை மட்டும் என்னிடம் இரவல் வாங்கியிருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் எடைக் கதை அத்துப்படி. புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. சர்க்கரை ஏறியது. முழங்கால் மடங்க மறுத்தது. "இப்படியே போனா ரெண்டு வருஷத்துல மூட்டு ஆபரேஷன்தாம்மா" என்றார் டாக்டர். பயந்துபோய் நடக்க ஆரம்பித்தேன், சோற்றைக் குறைத்தேன், ஜிம்மில் சேர்ந்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. நாற்பது கிலோவுக்கும் மேலே போய்விட்டது. இப்போது கிரிவலப் பாதையில் எங்கும் உட்காராமல் முழுச்சுற்று நடக்கிறேன்.

கொழுப்பு போனது. அதைச் சுற்றியிருந்த தோல் போகவில்லை. யாரும் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம். பத்துப் பேரில் எட்டுப் பேர் காலி செய்த பிறகும் வீடு மட்டும் சுருங்காமல் நிற்பது போல, அது பாட்டுக்கு இருக்கிறது. கையில் தொங்குகிறது. தொடையில் மடிகிறது. அடிவயிற்றில் ஒரு பை. அந்தப் பையைப் பாவாடை நாடாவுக்கு மேலே விடுவதா, உள்ளே திணிப்பதா என்று தினமும் காலையில் ஒரு பட்டிமன்றம். எங்கள் ஊர் வெயில் வேறு சும்மா இருக்குமா? மடிப்புக்கு மடிப்பு வேர்வை, அரிப்பு, எரிச்சல். குளித்தபின் நன்றாகத் துடைத்துக் காயவிடவில்லை என்றால் அன்று முழுக்க அவஸ்தை.

டாக்டரிடம் கேட்டேன். "பல வருஷம் இழுபட்ட தோலும்மா. சுருங்குற சக்தி கம்மியாயிடும். எக்சர்சைஸ் பண்ணா உள்ள தசை வரும், தோல் முழுசா பழைய மாதிரி ஆகாது. வேணும்னா ஆபரேஷன் இருக்கு" என்றார். செய்துகொள்பவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். மடிப்பில் புண் வந்து ஆறாமல் தவிப்பவர்களுக்கு அது தேவைதான். எனக்கு அந்த அளவு இல்லை. கத்திக்கும் எனக்கும் ஆகாது. வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

ஊர் முடிவு செய்யவில்லை. "உடம்புக்கு இன்னாங்க? ஏதாவது பெரிய வியாதியா?" என்று மெதுவாகக் கேட்பவர்கள் ஒரு பக்கம். "முன்னாடி குண்டா இருந்தாலும் லட்சணமா இருந்தீங்க" என்பவர்கள் இன்னொரு பக்கம். குண்டாக இருந்தபோது இதே வாய்கள் லட்சணத்தைப் பற்றி மூச்சுவிட்டதில்லையே!

சரி, பேனருக்கு வருவோம். அதை வைத்தவள் ஷபானா. ஹார்டுவேர் கடை மாடியில் பெண்களுக்கு மட்டுமான ஜிம் நடத்துகிறாள். வயது முப்பத்திரண்டு. அவளுடைய மாமனார் குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கே இரும்புக் கடை வைத்திருக்கிறது. கீழே தாழ்ப்பாளும் ஆணியும் விற்கிற கட்டடத்தில் மேலே மருமகள் டம்பெல் வைத்துவிட்டாள். எனக்கு ஒவ்வொரு கிலோவாகக் குறைய வைத்தவள் அவள்தான். "அக்கா, இந்தப் பௌர்ணமிக்கு ஊரு ஃபுல்லா கூட்டம் வரும். உங்க போட்டோ போட்டு ஒரு பேனர் வைக்கட்டுமா?" என்று கேட்டபோது சந்தோஷமாகத் தலையாட்டினேன். அவளே செல்போனில் படம் எடுத்தாள்.

மறுநாள் காலை சண்டை போடுவதற்கென்றே கிளம்பிப் போனேன். மாடிப்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவால் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை போர்த்தியிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தாள்.

"நீங்கதானேக்கா அந்த பேனர்ல? பஸ்லேர்ந்து பார்த்தேன்."

பெயர் கலையரசி. ஊர் கீழ்பென்னாத்தூர். சொந்தமாகக் கொஞ்சம் நிலம், மணிலாக் கொட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறார்கள். அவளுக்கும் சர்க்கரை. ஜிம்முக்கெல்லாம் போகாமல், வரப்பில் நடந்தே முப்பது கிலோ குறைத்திருக்கிறாள். நான் கைதட்டாத குறை.

"நெஜமாவா? பெரிய விஷயம்மா!"

"இல்லக்கா. நான் தப்பா குறைச்சிட்டேன்."

"தப்பாவா? இன்னா தப்பு?"

அவள் படியில் மேலும் கீழும் பார்த்தாள். யாரும் இல்லை. துப்பட்டாவை லேசாக விலக்கினாள். என் கையை அப்படியே பார்த்தது போல இருந்தது.

"எங்கக்கா சொல்லுது, பட்டினி கிடந்து குறைச்சா இப்படித்தான் தொங்கும்னு. முறையா குறைச்சிருந்தா தொங்காதாம். உங்களுக்கு ஒண்ணுமே தொங்கல பாருங்க. அதான் என்ன பண்ணீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்." துப்பட்டாவை மறுபடி இழுத்துப் போர்த்தினாள். "இல்லன்னா திரும்ப சாப்ட்டு ஏத்திடலாம்னு இருக்கேன். பத்து நாளா ஆரம்பிச்சிட்டேன். மூணு வேளையும் சோறுதான். உடம்பு ஏறிடுச்சுன்னா தோலு ரொம்பிடும்ல?"

எனக்குச் சுரீரென்றது. சர்க்கரை நோயாளி. கஷ்டப்பட்டு இறக்கிய எடையைத் திரும்ப ஏற்றப் போகிறாள்... தோலை நிரப்புவதற்காக! அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருப்பது அக்காவின் பேச்சு மட்டுமா? என் முகத்தின் கீழே ஒட்டியிருக்கிற அந்தக் கையும்தான்.

நான் அன்று முழுக்கை குர்தா போட்டிருந்தேன். படியிலேயே கையைத் தோள்வரை சுருட்டினேன். கையைத் தூக்கி ஆட்டினேன். நான் நிறுத்திய பிறகும் தோல் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

கலையரசி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யோ... உங்களுக்குமா!"

"எனக்கும்தான். முப்பது, நாற்பது கிலோ இறக்கின நெறைய பேருக்கு இப்படித்தான். நீ ஒரு தப்பும் பண்ணல. பேனர்ல இருக்கிறது என் கை இல்ல. வா மேல."

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே போனேன். காலை பேட்ச் முழுவீச்சில் நடந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்கள். ஷபானா பாட்டுச் சத்தத்தைக் குறைத்தாள்.

"என் கை எங்க ஷபானா?"

புரிந்துகொண்டாள். "அக்கா... நான் சொல்லல. டிசைன் பண்ற கடையில அவங்களே டச்சப் பண்ணிட்டாங்க. நானும் பார்த்தேன். நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்ல?"

"சொன்னா வேணாம்பீங்க."

"ஆமா, வேணாம்தான். கழட்டிட்டு ஒரிஜினல் போட்டோவை வை."

"அக்கா, அதைப் பார்த்தா யாரு வருவாங்க? கஷ்டப்பட்டு குறைச்சும் இப்படித்தான் ஆவும்னு பயந்துடுவாங்க."

"இதைப் பார்த்து இன்னா ஆச்சு தெரியுமா? இதோ, இவங்கள கேளு."

கலையரசி சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னாள். சோறு, அக்கா, தோலை நிரப்புகிற திட்டம், எல்லாம். ஷபானாவின் முகம் மாறியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"நீங்க எழுதுறவங்க. ஒரு வாரம் எழுதிட்டு அடுத்த வாரம் வேற விஷயத்துக்குப் போயிடுவீங்க. நான் தினமும் ஷட்டரைத் திறக்கணும்க்கா. ஜிம் ஓடாதுன்னு வீட்லயே பந்தயம் கட்டினவங்க இருக்காங்க."

நான் சொன்னேன். "சரி, உன் கடை, உன் இஷ்டம். என் மூஞ்சியை மட்டும் எடுத்துடு. அந்தக் கைக்குப் பொருத்தமா வேற மூஞ்சியைத் தேடிக்கோ."

நடந்துகொண்டிருந்தவர்கள்கூட இறங்கி வந்துவிட்டார்கள். டிரெட்மில் மட்டும் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது மூலையில் இருந்த ஸ்கூல் டீச்சர் – இரட்டைக் குழந்தை பெற்றவர் – டி-ஷர்ட்டை விலா வரைக்கும் தூக்கினார். வயிற்றுத் தோல் கசங்கிய பட்டுப்புடவை மாதிரி இருந்தது. "என் போட்டோவையும் போடு ஷபானா" என்றார். இன்னொரு பெண் தன் தொடையைப் பிடித்துக் காட்டினார். "இது? இதுக்குத் தனி பேனரா?" அதற்குப் பிறகு அந்த மாடியில் நடந்ததை எல்லாம் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். ஜன்னல் திரையெல்லாம் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆளாளுக்குத் தங்கள் மடிப்புகளைக் காட்டினார்கள். சிரிப்புச் சத்தத்தில், கீழே ஆணி வாங்க வந்தவர்கள் மேலே அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

கலையரசி சிரித்துச் சிரித்து அழுதாள். கண்ணைத் துடைக்கத் துப்பட்டாவை எடுத்தவள், திரும்பப் போர்த்த மறந்துவிட்டாள்.

ஷபானா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செல்போனை எடுத்தாள். என்னிடம் ஒரு ஸ்லீவ்லெஸ் டி-ஷர்ட்டை வீசினாள்.

"மாத்திக்கிட்டு வாங்க. கையைத் தூக்கி நில்லுங்க. எல்லாம் தெரியணும், ஆமா."

வாழ்க்கையில் முதல் முறையாக ஸ்லீவ்லெஸ் போட்டேன். ஒல்லியாக இருந்த கல்லூரிக் காலத்தில்கூடத் தைரியம் வந்ததில்லை! கையைத் தூக்கினேன். தோல் இறங்கித் தொங்கியது. சிரித்தேன். க்ளிக்.

ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து போன் வந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டாள். "மேடம், போட்டோ கொஞ்சம் சரியில்ல. கையெல்லாம் ஒரு மாதிரி இருக்குது. நீட் பண்ணிடட்டுமா?"

"அண்ணே, அதுல ஒரு புள்ளியைத் தொட்டீங்கன்னா நான் வேற கடைக்குப் போயிடுவேன்" என்றாள் ஷபானா. எனக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வேர்வையாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

பௌர்ணமிக்கு முன்தினம் புது பேனர் ஏறியது. படத்துக்குக் கீழே ஷபானாவே ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'இது ஒரிஜினல்.'

என்ன ஆனது? ஊர் என்னைக் கொண்டாடியது என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. பைக்கில் போன இரண்டு பையன்கள் கையை ஆட்டிக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார்கள். நானும் பதிலுக்கு ஆட்டினேன். என்னுடையது நன்றாகவே ஆடியது. ஷபானாவிடம் விசாரிக்க வந்தவர்களில் சிலர் படியிலேயே திரும்பிவிட்டார்கள். சிலர் சேர்ந்தார்கள். கூடியதா குறைந்ததா என்று கேட்டால், "பரவால்லக்கா" என்கிறாள். அந்தப் 'பரவால்ல'வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் பேனரைக் கழற்றவில்லை.

என் கணவர் பேனருக்கு எதிரே ஸ்கூட்டரை நிறுத்தி ரொம்ப நேரம் பார்த்தார். நான் பின்னால் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "சிரிப்பு நல்லா விழுந்திருக்கு" என்றார். ஸ்கூட்டரைக் கிளப்பினார். அவ்வளவுதான் அவர். எனக்குப் போதும்.

கலையரசி சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வருகிறாள். சோற்றுத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டாள். நான் பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பத்து நாள் சாப்பாட்டிலேயே சர்க்கரை எகிறியிருந்தது. இப்போது மறுபடி இறங்குமுகம். ஜிம்மை விட்டு இறங்கும்போது துப்பட்டாவை எடுத்துப் போர்த்திக்கொண்டுதான் போகிறாள். போகட்டும். அவள் கை, அவள் துப்பட்டா. எப்போது எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

நேற்று என் நாத்தனார் போன் செய்தார். வேலூரில் இருக்கிறார். யாரோ பேனரைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பிவிட்டார்கள்.

"இதெல்லாம் தேவையா உனக்கு? சொந்தக்காரங்க எல்லாம் பார்க்கறாங்க. உடம்பு எளைச்சது சந்தோஷம். தொங்குறதை மூடிக்கிட்டு இருக்க வேண்டியதுதானே?"

"எதுக்குங்க மூடணும், அண்ணி?"

"அசிங்கமா இருக்குல்ல!"

சண்டை போடவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"இருபது வருஷம் என்னை மொத்தமா சுமந்த தோலு அண்ணி அது. இப்பதான் அதுக்கு வேலை கம்மியாயிருக்கு. கொஞ்ச நாள் காலை நீட்டிக்கிட்டு இருக்கட்டுமே!"